எப்ப எடுக்கிறீங்க?

எங்கள் தெருவுக்கு நலச் சங்கம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்பார்கள். எங்கள் தெருவில் யாரும் ஊதவில்லை, சங்கமே தன்னை ஊதிக்கொண்டது. முதல் கூட்டத்தில் பிஸ்கட் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் தலைவர், செயலாளர் என்று ஆளுக்கொரு பதவியை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது கூட்டத்தில் ரோட்டையே எடுத்துக்கொண்டார்கள். தெருவில் குடியில்லாதவர்களின் வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாதாம். மீறினால் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார்களாம்.

ரோடு நகராட்சியுடையது. தார் போட்டது அவர்கள், விளக்குக் கம்பம் நட்டது அவர்கள், பள்ளம் விழுந்தால் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் அவர்கள்தான். இவர்கள் அப்பன் வீட்டு முற்றம் மாதிரி சட்டம் போட்டால் எப்படி? நான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்து, எல்லாம் நம்ம நன்மைக்குத்தான் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், நான் தையற்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மிஷின் போட்டிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் வண்டியை வாசலில்தான் விடுவார்கள். அளவெடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் நாத்தனார் கதை, வாடகை வீட்டுக் கதை, மகன் படிக்காத கதை எல்லாம் கேட்டு முடிக்க வேண்டாமா? அதைக் கேட்காமல் அனுப்பினால் அடுத்த துணி வேறு தையற்காரிக்குப் போய்விடும். சங்கம் நேராக என் வயிற்றில் கை வைத்தது.

சட்டம் போட்டவர்கள் வெயிலில் நிற்பார்களா? அதற்கு ஓர் ஆள் பிடித்தார்கள். மூலை வீட்டுக்காரர். கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தூரத்து ஊரில் ஒரு மைத்துனி, அவ்வளவுதான் சொந்தம். சம்பளம் கிடையாது, மரியாதைப் பதவி என்று சொல்லி அவர் கையில் ஒரு கட்டு நோட்டீஸும் பசை டப்பாவும் கொடுத்தார்கள். மனிதர் அதைப் பரம்பரைச் சொத்து போல வாங்கிக்கொண்டார். ஒரே வாரத்தில் தெரு அவருக்கு ‘சாக்பீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டது.

பெயருக்குக் காரணம் அவர் வேலை செய்த விதம். வெளி வண்டி ஒன்று வந்து நின்றால், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுப்பார். டயரில் ஆரம்பித்து ரோடு வரை ஒரே கோடாக இழுப்பார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பார். டயரில் இருக்கிற பாதியும் ரோட்டில் இருக்கிற பாதியும் இன்னும் சேர்ந்தே இருந்தால் வண்டி நகரவில்லை என்று அர்த்தம். நோட்டீஸ் விழும். பசை என்றால் அப்படிப்பட்ட பசை, கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி நகம் போய்விடும். அவர் சட்டைப் பை எப்போதும் வெள்ளையாகவே இருக்கும்.

நோட்டீஸில் அச்சடித்த சங்கதிக்குக் கீழே ஒவ்வொன்றிலும் கையால் ஒரு வரி எழுதியிருப்பார்: ‘விவரத்துக்கு மூலை வீட்டில் கேட்கவும். எந்நேரமும் இருப்பேன்.’ இதை எழுதச் சொல்லி சங்கம் சொல்லவில்லை. அவராகச் சேர்த்தது.

கல்யாணத்துக்கு உடை தைக்கக் கொடுக்க வந்த பெண்ணின் காரில் ஒரு நாள் ஒட்டிவிட்டார். அவள் அழாத குறையாகப் போனாள். எனக்கு வந்ததே ஆத்திரம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறு வேலை என்று, கழுத்தில் அளவு டேப்போடு மூலை வீட்டுக்குப் போனேன்.

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு கூஜா தண்ணீர், கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர். “வாங்க வாங்க, உக்காருங்க” என்று கல்யாண வீட்டில் வரவேற்கிற மாதிரி எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே கத்தினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மூச்சு வாங்க நிறுத்தினபோது டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். கத்தினவளுக்குத் தாகம் எடுக்காதா? குடித்துத் தொலைத்தேன். குடிப்பதற்கு உட்கார வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டு மீட்டர் பின்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறது என்று அவர் சொன்னார். வருஷக்கணக்காக அந்தச் சந்து வழியாக வந்து போயிருக்கிறாராம். இந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத கொல்லைப்புறம் இல்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி, எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் முன்னறையும் தெரியாது. ரீடிங் எடுக்க வந்தவனை யார் உட்காரச் சொல்வார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சரி, காசும் இல்லை, பேரும் கெடுகிறது, எதற்காக இந்த வேலை என்று கேட்டேன். டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

“திட்டறதுக்காவது வர்றாங்கல்லம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க என் பங்கு, மௌனம் முழுக்க அவர் பங்கு. அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று நான் முடித்தபோது, “அதைத்தானே அவரும் உன்கிட்ட சொல்லியிருக்காரு” என்றார் அவர்.

அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் பிழைப்பு என்ன ஆவது? அவர் கோடு போட்டுவிட்டுப் போவார், நான் துண்டுத் துணியால் துடைத்துவிட்டு வருவேன். அவர் மறுபடி போடுவார். நானும் துணியில் கோடு போடச் சாக் பிடிக்கிறவள்தான், அதனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மனிதரின் கோட்டில் கோணல் இருக்காது. நோட்டீஸ் விழுந்தவர்கள் மூலை வீட்டுக்குப் படையெடுப்பார்கள். போகும்போது இருக்கிற முகம் திரும்பும்போது இருக்காது. பார்சல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் கையை மடித்துக்கொண்டு போனார். அவர் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, இடுப்பு வலிக்கு என்ன மருந்து என்று பேச்சு வளர்ந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் இன்னொரு இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. சாக்பீஸ் அவரை வழியனுப்பக் கூடவே வந்து, பேசிக்கொண்டே இரண்டாவது நோட்டீஸையும் ஒட்டினார். நியாயம் என்றால் நியாயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது என் மாமனார் இறந்தார். நாள்பட்டுப் படுக்கையில் கிடந்தவர், விடியற்காலையில் அடங்கிவிட்டார். சொந்தக்காரர்கள் எட்டுத் திக்கிலிருந்தும் வந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வண்டி. அன்றைக்கென்று சாக்பீஸ் காலையிலேயே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சாவு நடந்தது அவருக்குத் தெரியாது. மதியத்துக்கு முன்னால் திரும்பி வந்தவர் தெருவைப் பார்த்தார். அத்தனை வெளி வண்டிகளை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. யாரோ புதுக் கடை திறக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம். முதல் வண்டியிலிருந்து கோடு போட்டுக்கொண்டே எங்கள் வாசல் வரை வந்துவிட்டார்.

வாசலில் என் மூத்தார் நின்றுகொண்டிருந்தார், என் வீட்டுக்காரரின் அண்ணன். வேறு ஊரில் இருப்பவர், சாக்பீஸை முன்பின் பார்த்ததில்லை. நான் உள்ளே ஜன்னலோரம் நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“எப்ப எடுக்கிறீங்க?” என்று கேட்டார் சாக்பீஸ்.

மூத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாலு மணிக்கு. தங்கச்சி வந்துக்கிட்டிருக்கா.”

“நாலு மணியா? அவ்வளவு நேரம் வைக்க முடியாதுங்களே.”

“ஏன் வைக்க முடியாது? யாரு சொன்னது?”

“சங்கத்துல முடிவு பண்ணது. வெளியாளா இருந்தா ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும்.”

“எங்கப்பா வெளியாளா?”

சாவு வீட்டு வாசலில் நின்று எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்க வாயில் வந்த சொல் அது ஒன்றுதான். ரீடிங் எடுக்க வந்திருக்கேன் என்று ஆயிரம் வீட்டில் குரல் கொடுத்தார், அப்புறம் வண்டியை எடுங்க என்று தெருவில் நின்று சொன்னார். மூத்தாரின் தோளுக்கு மேல் எட்டி உள்ளே பார்த்தார். மாமனாரை முன்னறையில் படுக்க வைத்திருந்தோம். சாக்பீஸின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

மூத்தார் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். காலர் கிழிந்தது. பையிலிருந்த சாக்பீஸ் விழுந்து நொறுங்கியது. என் வீட்டுக்காரர் ஓடிப் போய் விலக்கிவிட்டார். சாக்பீஸ் திரும்பி நடந்து தெரு ஆரம்பத்துக்குப் போனார். முதல் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் டயரைத் துடைத்தார், ரோட்டைத் துடைத்தார். அடுத்த வண்டிக்குப் போனார். ஒவ்வொன்றாக எங்கள் வாசல் வரை துடைத்துக்கொண்டே வந்தார், கிழிந்த காலர் தொங்கத் தொங்க. அதுவரை வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் பாய் விரிப்பதுமாக அழ நேரமில்லாமல் இருந்தேன். அப்போதுதான் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் வரை அவர் தெருமுனையில் நின்றார். வருகிற வண்டியை மறித்து, இங்கே விடாதீங்க, அங்கே விடுங்க என்று கையைக் காட்டினார். என் நாத்தனார் வந்தபோது வாசலுக்கு நேராக ஓர் இடம் காலியாக இருந்தது. அவரே அதில் நின்று காலியாக வைத்திருந்தார். அமரர் ஊர்தி வந்தபோது ஒரு ஹாரன்கூட அடிக்காமல் உள்ளே வர முடிந்தது. எல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் போய், “உள்ள வாங்கண்ணே, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். சாக்பீஸ் சாப்பிடுவதற்கு முன்னால் அறையைச் சுற்றிப் பார்த்தார். மிஷினை, ஜன்னலை, சுவரில் இருந்த படங்களை எல்லாம் பார்த்தார்.

“இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா வீடு பெருசாத்தாம்மா இருக்கு” என்றார்.

மூத்தார் சாப்பாட்டோடு சமாதானம் ஆகிறவர் இல்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஓர் அதிகாரி வந்தார். தெரு பொதுச் சொத்து, கோடு போடவும் நோட்டீஸ் ஒட்டவும் எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை என்று நடு ரோட்டில் நின்று சொன்னார். நாங்கள் எல்லாரும் கூடி நின்று கேட்டோம். சாக்பீஸும் நின்றிருந்தார்.

“சங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை சார்” என்றார் செயலாளர். “அவரா ஏதோ ஆர்வத்துல பண்ணிக்கிட்டிருந்தாரு.”

பக்கத்திலேயே நிற்கிற மனிதரை வைத்துக்கொண்டு சொல்கிறார். கறிவேப்பிலையைக்கூட வாசனை போன பிறகுதான் தூக்கிப் போடுவார்கள். சாக்பீஸ் மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் பசை டப்பாவைக் கொண்டு வந்து செயலாளர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சட்டம் ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதில் இரண்டு பேச்சு இல்லை. என் வாடிக்கைக்காரர்கள் நிம்மதியாக வந்தார்கள், நிம்மதியாக நாத்தனாரைத் திட்டினார்கள். ஆனால் மூலை வீட்டுக்கு இனி யார் போவார்கள்? கதவு முன்பு போலவே திறந்திருந்தது. நாற்காலிகள் எதிரெதிராகவே கிடந்தன. திட்ட ஆள் இல்லை.

கிழிந்த காலரைத் தைத்துக் கொடுக்கிறேன் என்று சட்டையை வாங்கி வந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். “இன்னும் ஏதாவது திட்டணும்னு இருக்காம்மா?” என்று சிரித்தார். அடுத்த வாரம் சேர்த்து வைத்துத் திட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பள்ளிக்கூடங்கள் திறந்தன. யூனிஃபார்ம் வேலை மலையாகக் குவிந்தது. மிஷினிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. கடைக்குப் போகும்போது வாசலிலிருந்தே கையை ஆட்டுவேன். அவரும் ஆட்டுவார். சட்டைப் பை அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது.

கடைசியில் அவர் கதவைத் தட்டியது யார் தெரியுமா? மீட்டர் ரீடிங் எடுக்கிற பெண். அவர் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவள். காலையில் என் ஜன்னலில் வந்து நின்றாள். “அக்கா, மூலை வீட்டுல ரீடிங் எடுக்கணும். கதவு தொறந்திருக்கு, ஆனா எத்தனை தடவை கூப்பிட்டும் பதில் இல்ல” என்றாள். நான் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நான் தைத்துக் கொடுத்த சட்டையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார்.

மைத்துனிக்குப் போன் போட்டோம். அவளால் வர முடியாதாம், உடம்புக்கு முடியவில்லையாம், நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள் என்று அழுதாள். அமரர் ஊர்திக்குச் சொல்லியாயிற்று. தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வர்றதுக்கு யாரும் இல்ல. எதுக்கு வச்சுக்கிட்டு? ரெண்டு மணி நேரத்துல எடுத்துடலாம்” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இரண்டு மணி நேரம்! இவருக்கும் அதே கணக்கா?

“நாலு மணிக்குத்தான் எடுக்கணும்” என்றேன். “அவரோட தம்பி வந்துக்கிட்டிருக்காரு.”

அவருக்குத் தம்பி கிடையாது. அது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். செயலாளர் நம்பாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு வராத மனிதர். மாட்டினோம் என்று நினைத்தேன்.

“ஆமா, நான்தான் போன்ல பேசினேன்” என்றார் அவர். “கிளம்பிட்டாராம்.”

அப்புறம் என்ன? காத்திருக்கத்தான் வேண்டும். வெயில் ஏற ஏற வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். இரண்டு நாற்காலி எப்படிப் போதும்? என் வீட்டிலிருந்து நாலு கொண்டு வந்தேன். செயலாளர் ஆளனுப்பிச் சங்கத்து நாற்காலிகளை வரவழைத்தார். கூஜா காலியாகக் காலியாக நிரப்பினேன். சும்மா எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? உங்களுக்குச் சொந்த ஊர் எது, பையன் என்ன படிக்கிறான், முட்டி வலி எப்படி இருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். பல வருஷமாக ஒரே தெருவில் இருக்கிறவர்கள், அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டார்கள். வீடு நிறைய ஆள். அவர் நடுவில் படுத்திருந்தார்.

வெளியே தெரு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஒரு வெளி வண்டி இல்லை. அமரர் ஊர்தி மட்டும் வந்து மூலை வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார்.

“எப்பம்மா எடுக்கிறீங்க?”

வண்டியைக் கேட்டாரா அவரைக் கேட்டாரா என்று யோசிக்க அங்கே ஒன்றுமில்லை. “நாலு மணிக்கு” என்றேன். டிரைவர் நிழலைத் தேடிப் போய்விட்டார். என் இடுப்புப் பையில் துணிக்குக் குறி போடுகிற சாக் இருந்தது. அந்த வண்டியின் டயரில் ஆரம்பித்து ரோடு வரை ஒரு கோடு இழுத்தேன். தையற்காரி போட்ட கோடுதான், ஆனாலும் கோணலாகத்தான் வந்தது.

நாலு மணிக்குச் செயலாளர் எழுந்து வந்து தம்பியைக் காணோமே என்றார்.

“நிறுத்த எடம் கிடைக்கலையாம்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் காலித் தெருவைப் பார்த்தார். குனிந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார். எடுத்தோம். வண்டி நகர்ந்தபோது கோட்டில் பாதி டயரோடு சுற்றிக்கொண்டு போனது. மீதிப் பாதி அவர் வீட்டு வாசலில், ரோட்டில் கிடந்தது. அதை நான் துடைக்கவில்லை.